ஏழாம் எண் விண்ணப்பம்

பிப். 5, திங்கள்

காலையில் பனி. எட்டு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று. இன்று செய்ய வேண்டியவை: விண்ணப்பம் பிரிண்ட். கரண்ட் பில். நாசரேத்துக்கு, அம்மாவுக்கு ஃபோன். ஆபீஸ் வீட்டுக்காரரிடம் மார்ச்சுக்கு மேல் உறுதியில்லை என்று சொல்வது.

முதல் மூன்றும் ஆயிற்று. நான்காவதுக்கு வாய் வரவில்லை.

வெள்ள நிவாரணப் பட்டியலில் விடுபட்டுப் போனவர்களுக்காக ஊர்க்காரர்களே ஏதாவது செய்தால் அதற்கு நிதி தருகிறதாம், சென்னையில் ஓர் அறக்கட்டளை. மாவட்டத்தில் நான்கே குழுக்களுக்கு. எங்களுக்கு வேறு வழி கிடையாது. பழைய திட்டம் டிசம்பரோடு முடிந்தது. இதுவும் இல்லையென்றால், உப்பளத்துப் பெண்களுக்காகப் பதினான்கு வருஷமாக நான் நடத்தும் சங்கத்துக்கு மார்ச்சில் பூட்டு.

பிரிண்ட் கடையில் ஸ்டெல்லா. ஆறு வருஷம் என்னிடம் வேலை பார்த்தவள். வவுச்சர் எழுதக்கூடத் தெரியாமல் வந்தாள், எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. இப்போது தருவைகுளத்தில் தனியாக ஒரு குழு, மீன்காரப் பெண்களை வைத்து. கலர் பிரிண்ட். ஸ்பைரல் பைண்டிங். மேலே கண்ணாடி அட்டை வேறு.

"அக்கா, நீங்களும் போடுதியளா?"

"ஏன், போடக் கூடாதா?"

"ஐயோ, நல்லதுதானக்கா. ரெண்டு பேருக்கும் கிடைக்கட்டும்."

நல்லதாம். பெரிய மனுஷி. இனி இந்த நோட்டில் ஸ்டெ. மட்டும்தான். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

பிப். 6, செவ்வாய்

தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொன்னோம்.

உட்கார்ந்து யோசித்தேன். ஸ்டெ.யிடம் இருப்பது, என்னிடம் இல்லாதது:

லேப்டாப் (புதுசு).
வாட்ஸ்அப்பில் கலெக்டரோடு நிற்கும் படம். கலெக்டர் சிரிக்கிறார்.
மேடையில் பேப்பர் இல்லாமல் பேசுவது.
பெண்கள் அவள் வீட்டுக்குள் நேரே அடுப்படி வரை போவது. என் வீட்டில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். உள்ளே வாங்க என்றால், "இருக்கட்டும்க்கா."
இடுப்பு.

கடைசியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். யார் படிக்கப் போகிறார்கள், இருக்கட்டும்.

பிப். 9, வெள்ளி

பீச் ரோடு ஓட்டலில் கூட்டம். ஏ.சி. குளிரில் தும்மல். டீயோடு மக்ரூன், நன்றாக இருந்தது, மூன்று தின்றேன்.

அறக்கட்டளையிலிருந்து நிவேதா என்று ஒரு பெண் வந்திருந்தாள். முப்பதுகூட இருக்காது. அவள் சொன்னது: சென்னையில் உட்கார்ந்து நாங்கள் தேர்வு செய்யப் போவதில்லை, வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நீங்கள், நீங்களே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடுங்கள். ஆளுக்கு ஐந்து விண்ணப்பம். பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் கறுப்பு மையால் மறைத்துவிட்டார்கள். எண் மட்டும்தான்.

"படிக்கும்போது இது யாரோடதுன்னு தெரிஞ்சிட்டா, இல்ல தெரியற மாதிரி இருந்தாகூட, மார்க் போடாம திருப்பிக் கொடுத்துடுங்க. இது ஒண்ணுதான் ரூல். உங்க நேர்மையை நம்பித்தான் இதை நடத்தறோம்."

எல்லாரும் தலையாட்டினோம். நான் நன்றாகவே ஆட்டினேன்.

பின்வரிசையில் யாரோ: "ஸ்டெல்லாவுக்குக் கிடைக்காம வேற ஆருக்குக் கிடைக்கும்?" வயிறு எரிந்தது. மக்ரூனாலும் இருக்கலாம்.

பிப். 10, சனி

காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கணவர் சாம் துறைமுகத்துக்குப் போய்விட்டார், ஷிப்பிங் ஆபீஸில் சனிக்கிழமையும் கிடையாது ஞாயிறும் கிடையாது.

எண் 3. அசந்துவிட்டேன். நிவாரணம் கொடுக்கும் முன் பட்டியலைத் தெருமுனையில் நின்று சத்தமாக வாசிக்க வேண்டுமாம். விடுபட்டவள் அங்கேயே கை தூக்கலாம். 'பட்டியலில் பேர் இல்லாதவளுக்குத் தன் பேர் இல்லையென்பதே கடைசியில்தான் தெரிகிறது.' என்ன ஒரு வரி. ஓட்டப்பிடாரம் பக்கம் யாரோ ரிட்டயர்டு வாத்தியார் எழுதியிருப்பார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து.

எண் 5, 9, 11 சுமார்.

எண் 7. படிக்கப் படிக்கக் காது சூடாகிவிட்டது. அப்படியே எழுதி வைக்கிறேன்:

'மழை மாதத்தில் எங்களுக்கு வேலை இல்லை. தண்ணீர் வந்தபோது கார்டு இருந்த வீட்டுக்கு அரிசி வந்தது. வாடகைக்கு இருக்கிறவளை ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்கள் பொதுவில் ஒரு பணம் வைப்போம். மழை மாதத்தில் அதைப் பங்கு போடுவோம். முடியாமல் படுத்திருக்கிறவளுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ஒரு பங்கு உண்டு. எங்களுக்குத் தையல் பயிற்சி வேண்டாம். இரண்டு தடவை படித்துவிட்டோம். மெஷினில் துணி காயப்போடுகிறோம்.'

பங்கு! கடற்கரையில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்றுதான் வைப்பார்கள். காய்ச்சலில் கிடந்தவனுக்கும் எடுத்து வைப்பார்கள். உப்பளத்தில் அந்தப் பேச்சே கிடையாது, அன்றன்றைய கூலிதான். ஆக இது தருவைகுளம். ஆக இது ஸ்டெ.

அந்தத் தையல் வரி எனக்கென்றே எழுதியது. என் விண்ணப்பத்தில் தையல்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பயிற்சியையும் நடத்தியது நான், வருகைப் பதிவு எடுத்தது அவள். என் உப்பைத் தின்றுவிட்டு என் மெஷினில் துணி காயப்போடுகிறாளாம்.

திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ரூல் தெரியும். நூற்றுக்கு இருபது போட்டேன். காரணம் எழுதும் கட்டத்தில், 'திட்டம் முதிர்ச்சியற்றது.' கவரை ஒட்டி, கையோடு கூரியரில் போட்டுவிட்டு வந்தேன். வரும் வழியில் மனசு லேசாக இருந்தது, பொய் சொல்வானேன்.

பிப். 14, புதன்

லெந்து, நாற்பது நாள் தவக்காலம், ஆரம்பம். காலை ஆராதனை. சர்ச் ஐயர் நீண்ட பிரசங்கம். மனம் நிற்கவில்லை.

லெந்து நாட்களுக்கு எதை விடலாம் என்று சாமிடம் கேட்டேன். போன வருஷம் கறி, அதற்கு முந்தின வருஷம் சீரியல்.

"ஸ்டெல்லாவ விடு," என்றார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

மனிதரோடு பேசவில்லை, மதியம் வரை.

ஸ்டெ. கத்தோலிக்கம், அவளுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. சாமியாரிடம் போய் முழங்கால் போட்டுச் சொல்லிவிட்டு, நிம்மதியாகப் பஸ் ஏறிவிடலாம். எனக்கு இந்த நோட்டு மட்டும். அதிலும் அவளுக்குத்தான் வசதி.

பிப். 19, திங்கள்

அதே ஓட்டல். ஏ.சி. ரிப்பேர். எல்லாரும் ஃபைலால் விசிறிக்கொண்டு.

நிவேதா ஒவ்வொரு எண்ணாக வாசித்துப் பெயரைத் திறந்தாள்.

முதலிடம் எண் 3. ஸ்டெல்லா, தருவைகுளம்.

ரிட்டயர்டு வாத்தியாரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஸ்டெ. 'சேசுவே' என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கைதட்டல். என் தொண்ணூற்றைந்தும் அதில் இருக்கிறது. நானும் தட்டினேன்.

இரண்டு, மூன்று வேறு யார்யாரோ. நான்காவது நாங்கள். தப்பித்தோம் என்று மூச்சு வந்தது.

பிறகு நிவேதா: "ஐந்தாவது, எண் 7. நாலாவதுக்கும் இதுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். ஒருத்தர் மட்டும் ரொம்பக் குறைவா, நூத்துக்கு இருபது, போட்டிருக்காங்க. மாரியம்மாள், உப்பளப் பெண்கள்."

மாரி. என் மாரி. சங்கத்தின் முதல் உறுப்பினர். கடைசி வரிசையில் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வந்ததையே நான் கவனித்திருக்கவில்லை. கூடவே இன்னும் நாலு பேர், எல்லாரும் என்னிடம் தையல் படித்தவர்கள்.



பிப். 20, செவ்வாய்

மாரி ஆபீசுக்கு வந்தாள். உப்பு வாரிவிட்டு நேரே வந்திருக்கிறாள், காலெல்லாம் வெள்ளை பூத்துப்போய். வழக்கம்போல வாசலில் நின்றாள்.

"கோவமாக்கா? உங்கட்டச் சொல்லாமப் போட்டுட்டோம்."

"எனக்கென்ன கோவம்? ஏன் சொல்லல, அத மட்டும் சொல்லு."

"உங்கட்ட வந்தா நீங்க மறுபடியும் மெஷின்னுதான் எழுதுவிய. எங்களுக்கு நல்லது செய்யணும்னுதான் எழுதுவிய, இல்லேங்கல. எங்களுக்கு வேண்டாம்னு உங்க மூஞ்சிய பாத்துச் சொல்ல முடியலக்கா."

"ஸ்டெல்லா எழுதிக் குடுத்தாளா?"

"அவிய டைப்பு மட்டும்தான் அடிச்சாவ. சொன்னது பூராம் நாங்க. பங்கு வைக்கது என் மருமவ சொன்னது, அவ கடக்கரைக்காரில்லா. அவ அப்பன் காலொடிஞ்சு கெடந்தப்பவும் வள்ளத்துல பங்கு வந்துச்சாம். அப்பம் நமக்கு ஏன் இருக்கக் கூடாதுன்னு கேட்டா."

டைப் அடிக்க மட்டும்தான். அதற்கும் பஸ் ஏறி தருவைகுளம் போயிருக்கிறார்கள். என் ஆபீஸ் அவர்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம். அதை நினைக்கத்தான் தாங்கவில்லை.

போகும்போது சொன்னாள்: "ஆரோ ஒருத்தன் இருவது போட்டிருக்கானாம்க்கா. அவன் வீட்டுல ஒரு மழைக்காவது அடுப்பு எரியாம கெடந்திருந்தா போட்டிருப்பானா?"

அவன் என்றே சொன்னாள். பெண்பிள்ளை போட்டிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நான் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன்.

பிப். 22, வியாழன்

இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கசகசப்பு, காற்றே இல்லை. காலைக் காப்பியில் சாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஃபோன் பண்ணிச் சொல்லிரு."

"சொன்னா நம்ம சங்கம் போயிரும்."

"சொல்லாட்டி ஒனக்கு என்ன ஆகும்னு ரெண்டு நாளா பாத்துட்டுத்தானளா இருக்கேன்."

பத்து மணிக்கு நிவேதாவுக்கு ஃபோன். எண் 7 யாருடையது என்று தெரிந்ததாக நினைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்காமல், ஆத்திரத்தில் போட்ட மார்க் என்றேன். அந்த 'ஆத்திரம்' என்ற சொல்லுக்கு மிகவும் சிரமப்பட்டேன். பொறாமை என்று சொல்லியிருக்க வேண்டும்.

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு: "அந்த மார்க்கை எடுத்துட்டா அவங்க நாலாவது வருவாங்க. நீங்க அஞ்சாவது மேடம். இப்பக்கூட யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்."

"யாருக்கும் உங்க பேரைச் சொல்ல மாட்டோம்."

அதுதான் எனக்கும் வேண்டியிருந்தது. எழுத்தில் கேட்டாள். மெயில் அடித்தேன், நான்கு வரி. வேறு எந்த விண்ணப்பத்துக்கும் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. அனுப்பிவிட்டு வீட்டுக்காரரிடம் போய் மார்ச்சோடு சாவியைத் தருகிறேன் என்றேன். "நல்ல காரியமாத்தானம்மா நடத்துனிய," என்றார். அட்வான்ஸ் பற்றிப் பேச்சை எடுக்கவில்லை, அவரும் நானும்.

பிப். 26, திங்கள்

அலமாரி ஒழித்தேன். பழைய ரிப்போர்ட்டுகள், இரண்டு சாக்கு. மெஷின்களை யாருக்குக் கொடுப்பது?

பதினொன்றரைக்கு மாரியிடமிருந்து ஃபோன். குரலே மாறியிருந்தது. பின்னால் பெண்கள் ஒரே கூச்சல்.

"அக்கா, எங்களுக்கு வந்துட்டு! மறுபடியும் கூட்டிப் பாத்தாவளாம், நாங்க நாலாவதாம். நம்பவே முடியல."

"சந்தோஷம்ளா." சந்தோஷம்தான், உண்மையாகவே.

"எல்லாம் ஸ்டெல்லாக்காதான். அவியதான் மெட்ராசுக்குப் பேசியிருக்கணும். இல்லாட்டி எப்படி மாறும், சொல்லுங்க? நாங்க கேட்டதுக்கு, நான் ஒண்ணும் பேசல, பேசலங்காவ. செஞ்சிட்டுச் சொல்ல மாட்டாவ, அவிய கொணமே அப்படி." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்களுக்குப் போயிட்டாமே. பாவம்க்கா நீங்க. ஸ்டெல்லாக்காட்ட வேணா உங்களுக்கும் சேத்து ஒரு வார்த்த சொல்லச் சொல்லட்டா?"

தொண்டை வரைக்கும் வந்தது. நான்டி, நான். ஒரே மூச்சு, சொல்லியிருக்கலாம். சொன்னால் இருபது போட்டவளும் நான்தான் என்று ஆகும்.

"வேண்டாம்ளா. ஆமா, அவதான் பேசியிருப்பா."

சாயந்திரம் உப்பளத்துக்கு வரச் சொன்னாள், எல்லாருமாகச் சேர்ந்து கேக் வெட்டுகிறார்களாம். வெட்டப் போவது ஸ்டெல்லா.