ஐந்து கட்டை வெளிச்சம்

1935 பிப்ரவரி 11, திங்கள்

இன்று காலை ஆறேகால் மணிக்கு, எல்லாப் பக்கங்களையும் யோசித்த பிறகு, இரண்டு பாட்டரிக் கட்டை போடும் டார்ச் லைட்டு வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். வீட்டில் தெரிவித்தேன். புஷ்பமேரி உளுந்து களைந்துகொண்டிருந்தாள். "சரி" என்றாள். பெரிய முடிவுகள் எடுக்கப்படும்போது பக்கத்தில் இருக்கும் மனைவிகளுக்கு அது தெரிவதில்லை.

இனி கேள்வி, மூன்று கட்டையா ஐந்து கட்டையா என்பது மட்டுமே.

காரணத்தையும் எழுதி வைக்கிறேன். நகரசபை அங்கத்தினர் ஒருவர் காலமாகிவிட்டார். அந்த இடத்துக்கு மார்ச் 3 ஞாயிறன்று தேர்தல். எங்கள் பள்ளிக்கூடத்து வாக்குச் சாவடிக்கு என்னைத் தலைவனாகப் போட்டிருப்பதாகச் சனிக்கிழமை கடிதம் வந்தது. சர்க்கார் சம்பளம் வாங்கும் வாத்தியார் மறுக்க முடியாது. மாலை ஆறு மணிக்குச் சாவடியை மூட வேண்டும். பெட்டியைத் திறந்து எண்ண வேண்டும். எண்ணிக்கை சரி என்று அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும்.

எண்ணத் தொடங்கியதும் விளக்கு அணையும். சட்டத்தில் இது இல்லை, வழக்கத்தில் இருக்கிறது. திரும்ப ஏற்றும்போது பெட்டியில் சீட்டுகள் பிள்ளை பெற்றிருக்கும். அத்தனை பிள்ளைகளுக்கும் தலைவன் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் பொய்யான கணக்குக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். இருபத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன்.

பிப்ரவரி 12

போன தேர்தலில் தலைவராக இருந்தவர் சூசை. எங்கள் பள்ளியில் நாலாம் வகுப்பு வாத்தியார். பிரெஞ்சு சர்க்காரில் வாத்தியார்களுக்கு 'ஐயா' கிடையாது, 'முசே'தான். விளக்கு அணைந்ததும் யாரோ பெஞ்சுக் காலால் மண்டையில் அடித்தார்கள். அன்றிலிருந்து இடது காது கேட்காது. வழக்கு நடந்தது. அடித்தவன் யார் என்று தெரியாமலே முடிந்தது.

இன்று அவருடைய வலது காதுப் பக்கம் போய் நின்று கேட்டேன். "யாரு சூசை அது?"

"இருட்டு முசே. ஒண்ணும் தெரியல. கோர்ட்டுலயும் அதான் சொன்னேன்."

சொல்லும்போது கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஆகவே குற்றவாளி இருட்டு. முகம் தெரியும் என்றால் எவனும் கை வைக்க மாட்டான். இதை இத்தனை வருஷமாக யாரும் யோசிக்காதது ஆச்சரியம்.

பிப்ரவரி 14, வியாழன்

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்புறம் பலராமன் கடை. அரிசியும் விற்பான், சீமைச் சாமானும் விற்பான்.

"வாங்க முசே. எலெக்‌ஷனுக்கா?"

"எப்படித் தெரியும்?"

"வாத்தியாரு இந்த வயசுல தவளை புடிக்கவா லைட்டு வாங்கப் போறீங்க?"

கடையின் பின்னால் அரிசி மூட்டை அடுக்கிய அறை. ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தி அங்கேதான் பரீட்சை. ஜப்பான் சரக்கு, இரண்டு கட்டை, பதினாலு அணா: எதிர்ச் சுவரில் ஓரம் கருகிய தோசை ஒன்று விழுந்தது. என் முடிவு சரி என்று நிரூபணமாயிற்று. ஜெர்மனி, மூன்று கட்டை, மூன்று ரூபாய்: மூட்டை மேல் ஒரு எலி. வெளிச்சம் பட்டதும் ஓடிவிட்டது. அமெரிக்கா, ஐந்து கட்டை, ஒன்பது ரூபாய்: என் முழங்கை நீளம். அடித்ததும் அறை பகலாகிவிட்டது. அதே எலி திரும்ப வந்திருந்தது. மீசை மயிரை எண்ணலாம். இந்த முறை ஓடவில்லை, அப்படியே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது.

"எம்மாந் தெளிவு பாத்தீங்களா?" என்றான் பலராமன்.

தெளிவுதான். ஒன்பது ரூபாய்.

பிப்ரவரி 16

டாக்டரிடம் போனேன். நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு சர்டிபிகேட் கேட்டேன். "பயத்துக்கு சர்டிபிகேட் கெடையாது முசே. இருந்தா நானே மொதல்ல எழுதிக்குவேன். பக்கத்துச் சாவடிக்கு என்னத்தான் போட்டிருக்காங்க" என்றார். கட்டணம் வாங்கிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 19, செவ்வாய்

பள்ளி விடும் நேரத்தில் காத்தவராயன் வந்தான். பத்து வருஷத்துக்கு முன் என் மாணவன். கூட்டல் பிரமாதமாக வரும். கழித்தல் கடைசி வரை வரவில்லை. இப்போது ஒரு கட்சிக்குத் தேர்தல் வேலை செய்கிறான். எந்தக் கட்சி என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும்.

"சௌக்கியமா முசே? இந்த தடவ நீங்கதானாம். நம்ம வாத்தியாரு ஒக்காரப் போறாருன்னு பசங்களுக்கெல்லாம் ஒரே பெரும."

"நியாயமா நடக்கணும் காத்தவராயா."

"நடக்கும் முசே. சூசை முசேதான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு. நீங்க பொறுமசாலி."

குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்து முதலில் காலைக் கழுவினேன்.

பிப்ரவரி 20

மூன்று கட்டை போதும் என்று படுத்தேன். எழுந்தபோது போதவில்லை.

பிப்ரவரி 23, சனி

"காய்ச்சல்னு படுத்துக்கோங்க" என்றாள் புஷ்பமேரி.

"நான் படுத்தா வேற ஒருத்தர ஒக்கார வெப்பாங்க. அவர் மண்ட ஒடையும்."

"உங்க மண்ட ஒடைஞ்சா பரவால்லியா?"

கத்திவிட்டேன். என்னடி பண்ணச் சொல்ற, ஓடிப் போவட்டுமா, பசங்களுக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுக் கணக்குச் சொல்லிக் குடுப்பேன்? தெருவே கேட்டிருக்கும். கேட்கட்டும். இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் இப்படிப் பேசியதில்லை.

அவள் உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்து வந்து மேசை மேல் வைத்தாள். "வேளாங்கண்ணிக்குன்னு முடிஞ்சு வெச்ச காசு. மாதா கோச்சிக்க மாட்டா. அந்தப் பெரிய லைட்டையே வாங்கிக்குங்க."

பிப்ரவரி 25

வாங்கினேன். ஐந்து கட்டை. "மூஞ்சியில அடிச்சா மாடே நின்னுடும் முசே" என்று பலராமன் உத்தரவாதம் கொடுத்தான். மாடுகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

மார்ச் 2, சனி

ஒத்திகை. புஷ்பமேரி அரிக்கேனை ஊதி அணைக்க வேண்டும்; அந்தக் கணமே நான் பித்தானை அழுத்தி அவள் முகத்தில் வெளிச்சத்தைப் பாய்ச்ச வேண்டும். முதல் முறை சுவரில் பட்டது. ஐந்தாவது முறையிலிருந்து குறி தவறவில்லை. பன்னிரண்டாவது முறை அவள் ஊத மறுத்து, அரிக்கேனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நாளை. என்ன ஆகப் போகிறது? வெளிச்சம் இருக்கிறது. வெளிச்சத்தில் என்ன செய்துவிட முடியும்?

மார்ச் 4, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆறு மணிக்குச் சாவடியை மூடினேன். பட்டியலில் 438 பேர். வந்தவர்கள் 291, ஒவ்வொரு பெயருக்கும் நானே கோடு போட்டேன். காற்று அடிக்கிறது என்று காவலுக்கு வந்த சிப்பாய் ஜன்னல்களைச் சாத்தினான். காற்று இல்லை. பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். பெட்டியைத் திறந்து எண்ணத் தொடங்கினேன். நாற்பதாவது சீட்டில் பெட்ரோமாக்ஸ் அணைந்தது.

அழுத்தினேன்.

பலராமன் பொய் சொல்லவில்லை. பின் சுவரில் இருக்கும் வாய்ப்பாட்டின் கடைசி வரிகூடத் தெரிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் காத்தவராயன் நின்றான். கையில் கோணி. அதிலிருந்து சீட்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தான். கூட நான்கு பேர், நால்வரும் என்னிடம் படித்தவர்கள். சிப்பாயின் கை இன்னும் பெட்ரோமாக்ஸ் மேல் இருந்தது. எல்லா முகமும் தெரிந்தது.

யாரும் ஓடவில்லை.

"கண்ணு கூசுது முசே. கொஞ்சம் கீழ புடிங்க" என்றான் காத்தவராயன்.

பிடித்தேன்.

"இந்தப் பக்கம். மேச மேல. ம், அதான்."

ஏன் புடிச்சேன்? அடிச்சானா? இல்ல. கத்தியக் காட்டுனானா? இல்ல. முசேன்னுதான் கூப்புட்டான். கை தானாப் போச்சு. முக்கால் மணி நேரம் — ஒரு கை வலிச்சப்ப அடுத்த கைக்கு மாத்திப் புடிச்சேன். மாத்திப் புடிச்சேனே!

"போன தடவ இருட்டுல கொட்டி பாதி கீழ போயிடுச்சு" என்றான், சீட்டுகளை அடுக்கிக்கொண்டே. "சூசை முசே சும்மா இல்லாம ஒரு நெருப்புக் குச்சியக் கொளுத்தி என் மூஞ்சியப் பாத்தாரு. தேவையா அது?"

கூட்டினான். 612.

"வந்தது 291 பேர்தானே" என்றேன். சொன்னதாகத்தான் நினைக்கிறேன்.

"கழிக்கறதுதான் எனக்கு வராதே முசே, மறந்துட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அறிக்கை மூன்று பிரதி. நான் கையெழுத்துப் போடும்போது டார்ச் லைட்டைக் காத்தவராயன் வாங்கிப் பிடித்துக்கொண்டான். நிழல் விழாமல் பிடித்தான்.

மார்ச் 5

"லைட்டு நல்லா எரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள் புஷ்பமேரி.

எரிந்தது என்றேன்.

மார்ச் 6, விபூதிப் புதன்

கோயிலுக்குப் போனேன். நெற்றியில் சாம்பல் பூசினார்கள். பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. எனக்கு முன்னால் டாக்டர் நின்றிருந்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. என் முறை வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 15

தோற்றவர் வழக்குப் போட்டிருக்கிறார். எனக்குச் சாட்சிச் சம்மன்.

மதியம் சூசையைத் தேடிப் போனேன். "சூசை, அன்னைக்கி நீங்க ஒரு நெருப்புக் குச்சி—"

தலையைத் திருப்பி இடது காதை என் பக்கம் காட்டினார்.

மார்ச் 27

வகுப்பில் கழித்தல் பாடம். மூன்று கணக்கு தவறாகப் போட்டேன். பையன்கள் சொல்லித் திருத்தினேன்.

மார்ச் 28, வியாழன்

விளக்கு அணைந்த பிறகு மேசை அருகில் யாரைப் பார்த்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். இருட்டாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை என்றேன். பதினோரு மணிக்கு வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

பலராமன் டார்ச் லைட்டை ஏழு ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொண்டான். புஷ்பமேரி அந்தப் பணத்தைத் தகர டப்பாவில் போட்டு மூடினாள்.