ஏழாம் சாட்சி நான்தான்

12 டிசம்பர் 2005

பால்வாடிக்கு இன்றும் முட்டை வரவில்லை. அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்தால், நான் பிறந்த ஊரான படாளத்துக்குப் போய்வந்த என் வீட்டுக்காரர் பூபாலன் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: சாலமோன் அண்ணன் மகளுக்குப் போன வாரம் கல்யாணம் முடிந்துவிட்டதாம். கூடப்பிறந்த எனக்கு ஒரு வார்த்தை இல்லை.

தொண்ணூற்றாறில், தேர்தல் தகராறில், பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்ற ராஜேந்திரன் ஆட்களோடு வந்து எங்கள் காலனியைக் கொளுத்தினான். பின்னாலிருந்து அடித்து அண்ணன் காலை உடைத்தான். எல்லோரும் ஏரிப் பக்கம் ஓடிவிட்டார்கள். அவன் முகத்தைப் பார்த்தவள் நான் ஒருத்தி. விசாரணைக் கமிஷனில், பயம் வேண்டாம் என்று மூடிய அறையில் உட்கார வைத்து, பெயருக்குப் பதில் நம்பர் போட்டு விசாரித்தார்கள். நான் ஏழாம் சாட்சி. அவன் பெயரைச் சொன்னேன். அறிக்கையிலோ, 'எந்தச் சாட்சியும் எவர் பெயரையும் குறிப்பிடவில்லை' என்று வந்தது. அடுத்த வருஷம் எனக்கு இங்கே நெம்மேலியில் பால்வாடி வேலை கிடைத்தது. போதாதா? வாயை மூடி வேலை வாங்கினாள் என்று காலனியே முடிவு கட்டிவிட்டது. அண்ணனும்தான்.

9 ஜனவரி 2006

தகவல் உரிமைச் சட்டம் வந்திருக்கிறதாம். நான் சொன்ன வாக்குமூலத்தை எனக்கே கொடுங்கள் என்று எழுதிப் போட்டேன்.

"இன்னா பண்ணிடுவாங்க, இல்லன்னுவாங்க" என்றார் பூபாலன். இப்போது மட்டும் இருக்கிறதா என்ன?

14 பிப்ரவரி

பதில் வந்தது. 'சாட்சிகளின் அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டு, கோரிய ஆவணத்தை அளிக்க இயலாது.'

அடப்பாவிகளா, அந்தச் சாட்சியே நான்தானே. என்னை என்கிட்டேர்ந்தே காப்பாத்துறாங்களாம். மேல்முறையீடு எழுதிவிட்டுத்தான் உலை வைத்தேன்.

3 மார்ச்

வீட்டில் சண்டை. அக்டோபரில் வரும் பஞ்சாயத்துத் தேர்தலில் ராஜேந்திரன் மறுபடியும் நிற்கிறானாம்.

"வூடு கீது, புள்ளைங்க கீது. இப்பப் போயி அத்த கிளறணுமா?"

"அவன் நிக்கறான்னுதான் கிளறுறேன்."

மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, "விசாரணை எந்தத் தேதின்னு சொல்லு, லீவு போடணும்" என்றார். பயந்தவர்தான். ஆனால் என்னைத் தனியாக விடமாட்டார்.

11 ஏப்ரல்

செங்கல்பட்டில் மேல்முறையீட்டு விசாரணை. சொன்னபடியே பூபாலன் லீவு போட்டுக் கூட வந்தார்.

ஏழாம் சாட்சியின் வாக்குமூலம் அரக்கு வைத்த உறையில் மேஜைமேல் இருந்தது; ஆனால் எந்த நம்பர் யாருடையது என்ற பட்டியல் கிடைக்கவில்லையாம். "நீங்கதான் ஏழாம் சாட்சின்றதுக்கு இன்னா ப்ரூஃப்?" என்று குமாஸ்தா கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அன்னிக்குச் சொன்னத அப்படியே சொல்றேன் சார். உறையப் பிரிச்சு வெச்சுக்கினு சரி பாருங்க."

பெரிய அதிகாரி என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அரக்கை உடைத்தார்.

சொன்னேன். முதலில் மோசஸ் வீட்டுக் கூரை எரிந்தது. ராஜேந்திரன் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். "சாலமோன் எங்கடா" என்று கத்தியது அவன். கட்டையை ஓங்கியதும் அவன்தான். நான் சொல்லச் சொல்ல அதிகாரியின் விரல் வரி வரியாக இறங்கியது. முடித்தேன். விரல் இன்னும் தாள்மேலேயே இருந்தது.

"இன்னும் ஒரு வரி கீதும்மா."

எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவரே படித்தார்: "நான் சொன்னதை எங்கள் காலனி ஜனங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்."

அன்றைக்கே கேட்டிருக்கிறேன். ஐயோ, அன்றைக்கே கேட்டிருக்கிறேன். அங்கேயே அழுதுவிட்டேன்.

"இதுக்கப்புறம் யாருக்காக மறைக்கறது? காப்பி போட்டுக் குடுங்க" என்றார் அதிகாரி குமாஸ்தாவிடம்.

16 ஏப்ரல், ஈஸ்டர்

ஆராதனை முடிந்ததும் எங்கள் காலனிக் கோயிலில் நானே எழுந்து நின்று படித்தேன். ராஜேந்திரன் பெயர் வரும்போதெல்லாம் சத்தத்தைக் கூட்டினேன். யாரும் எழுந்து போகவில்லை. மோசஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "உன்ன இன்னான்னாமோ பேசிட்டோமே" என்று ரெபேக்காள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் மட்டும் தடியை ஊன்றி வந்து, என் கையிலிருந்த தாள்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பரவாயில்லை, வேறு நகல் இருக்கிறது. ஜெயித்துவிட்டேன். இன்று எனக்குத் தூக்கம் வரும்.

18 அக்டோபர்

ராஜேந்திரன் தோற்றான். நன்றாகவே தோற்றான்.

22 அக்டோபர்

காலையில் கதவு தட்டும் சத்தம். அண்ணன். படாளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, அந்தக் காலோடு வந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து நைந்துபோன தாள்களை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

"வூடு வூடா காட்டினேன். 'எந்தங்கச்சி சொன்னது, படிச்சுப் பாரு'ன்னு. கிழிஞ்சிடுச்சி. நல்லதா ஒண்ணு குடு ஹெலனு, சட்டம் போட்டு வூட்ல மாட்டணும்."

"மொதல்ல உள்ள வாண்ணா" என்றேன்.

வந்தார்.