பொழுதுபட்ட பிறகு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பிரஷரும் அம்மாவின் முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் கதைத்தால் அவர் பக்கத்தில் வந்து நிற்பார். அதனால்தான் கடிதம்.

வெள்ளவத்தைக் கல்யாண மண்டபத்தில் என்னை ஒப்படைக்கும்போது அவரிடம், "பொழுதுபட்டாப் பிறகு பிள்ளையை வெளியில விடாதேங்கோ தம்பி" என்றீர்கள். பூமி சரிந்தபடியே சுற்றுகிறது, அப்பா. மாரிக் குளிர்காலத்தில் அதன் வடமுனை சூரியனுக்கு மறுபக்கம் சாய்ந்திருப்பதால், எவ்வளவு சுற்றினாலும் வட நோர்வேயில் இந்த ஊருக்கு வெயில் எட்டாது. நவம்பர் கடைசியில் பொழுதுபட்டது. ஜனவரி பிறந்தும் விடியவில்லை. உங்கள் மருமகன் உங்கள் சொல்லை மீறாதவர்.

போன கிழமை மத்தியானம் குப்பை போட இறங்கினேன். திரும்பி வந்தால் கதவு பூட்டியிருந்தது. "பொழுதுபட்ட நேரத்தில எங்க போனனீர்?" என்று உள்ளேயிருந்து கேட்டார். கீழ்வீட்டு நேர்ஸ் கண்டு கூட்டிப்போகும்வரை ஒரு மணித்தியாலம் செருப்போடு பனியில் நின்றேன். கால்விரல் இரண்டு கறுத்துவிட்டன. பயப்பட வேண்டாம், மற்ற எட்டும் நன்றாக இருக்கின்றன.

இனி மிளகாய்த்தூள் அனுப்பாதீர்கள். என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பட்டச் சான்றிதழையும் அந்த நேர்ஸின் முகவரிக்கு அனுப்புங்கள். முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. அம்மாவின் கையெழுத்தில் நாலு வரியும் வையுங்கள்.

கோடையில் இந்தப் பக்கம் சூரியனை நோக்கிச் சாயும். மே இருபதிலிருந்து இரண்டு மாதம் சூரியன் மறையவே மறையாது. அன்று வெளியே போகிறேன். "மாமா, அவ இன்னும் வீட்டுக்கு வரேல்ல" என்று அவர் உங்களுக்குப் போன் எடுத்தால், இன்னும் பொழுதுபடவில்லையே தம்பி என்று சொல்லுங்கள்.

படியில் அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்கிறது.

உங்கள் சொல் கேட்ட மகள்,
ஆரணி