எனக்கும் ஒரு முளைப்பாரி

முதுகுளத்தூர்
சனிக்கிழமை

அன்பு மகன் பிரபாகரனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே சுகம். கத்தாரில் நீயும் மதுமதியும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அப்படியே இருக்க அம்மனை வேண்டுகிறேன். போனில் நீ என்னைப் பேசி முடிக்க விடுவதில்லை, அதனால் காகிதத்தில் எழுதி, பக்கத்து வீட்டு ராக்குவிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நீ கேள்விப்பட்டது நிஜம்தான். இந்த வருஷம் அம்மன் கோயில் முளைப்பாரிக்கு நானும் ஓடு போட்டுவிட்டேன். செவ்வாயன்று மண் ஓட்டில் வைக்கோலும் ஆட்டு எருவும் பரப்பி, தட்டைப்பயறும் மொச்சையும் விதைத்து, மற்றப் பெண்களோடு கொண்டுபோய்க் கோயில் அறையில் வைத்தேன். தாலி இழந்தவள் ஓடு போடக்கூடாது என்பது ஊர் வழக்கம், எனக்குத் தெரியாததா. முப்பது வருஷமாக முன்வரிசையில் நின்று கும்மிப்பாட்டு எடுத்துக் கொடுத்தவள் நான். உன் அய்யா போன பிறகு அதே பாட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்து கேட்டேன். உன் சித்தப்பா முத்துராமலிங்கம் மறுநாளே வந்து, "ஓட்ட எடுத்துருங்க மதினி, ஊருக்கு ஆகாது, மழை தண்ணி பெய்யாது" என்றார். நான் ஓடு போடாத நாலு வருஷமும் நம் மிளகாய்க் காட்டில் மழை கொட்டித் தீர்த்ததா என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போனவர் உனக்குப் போன் போட்டிருக்கிறார்.

நீயும் அவர் பாட்டையே பாடுகிறாய். ஓட்டை எடுத்துவிடு, ஊர் வாயில் விழாதே, பேசாமல் வீட்டில் இருந்து மாத்திரையைப் போடு, இல்லாவிட்டால் ஊருக்கு வந்து வைக்கிற வளைகாப்புக்குச் சொந்தக்காரர் ஒருவரும் வாசல் மிதிக்க மாட்டார்கள் என்கிறாய். ஏலே, நாலு வருஷமாக அதைத்தானே செய்தேன். டிவி ஓடும், என்ன ஓடுகிறதென்று தெரியாது. சாப்பிட்டேனா என்பதே மறந்துபோகும். ராமநாதபுரத்து டாக்டரம்மா சர்க்கரைக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் "தினமும் யார்கூடம்மா பேசுவீங்க" என்று கேட்டார். எனக்குச் சொல்ல ஒரு பெயர் வரவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். போன மாதம் ராக்கு வந்து, "பொம்பளப் பிள்ளைகளுக்குப் பாட்டே தெரியலக்கா, வந்து எடுத்துக் குடு" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனாள். முதல் நாள் குரல் எழும்பவில்லை. ஒரு வாரத்தில் ராக்கு வீட்டில் மறுசோறு கேட்டு வாங்கித் தின்றேன், படுத்ததும் தூங்கினேன். அம்மனிடமும் நேராகக் கேட்டுவிட்டேன், அவரைக் கூப்பிட்டுக்கொண்டது நீ, பழி மட்டும் எனக்கா என்று. அவளோடு சண்டை போட்ட பிறகுதான் கும்பிடவே மனசு வந்தது.

முளை நாலு விரல் உயரம் வந்துவிட்டது. யாரும் என் ஓட்டை எடுத்து வெளியே வைத்துவிடக் கூடாதென்று ராக்கு அறைச் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். வருகிற செவ்வாய்க்கிழமை தலையில் தூக்கிக்கொண்டு ஊருணிக்கு நடப்பேன், ஒருவர் கூட வராவிட்டாலும் நடப்பேன். வளைகாப்பில் முதல் வளையலும் நான்தான் போடுவேன். மதுமதியிடம் கேட்டாயிற்று, "நீங்க போடாட்டி நான் கையவே நீட்ட மாட்டேன் அத்தை" என்கிறாள். சொந்தக்காரர் வராவிட்டால் கும்மிப் பெண்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள். மதுமதியை ஏசிக் குளிரில் வெறுங்காலோடு நிற்க விடாதே, இரும்புச்சத்து மாத்திரையை ஏமாற்றாமல் போடச் சொல். செவ்வாய்க்கு முன்னால் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, அது அம்மா இஷ்டம் என்று ஒரு வார்த்தை சொல். மறக்காதே.

ஒன்றை இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை. உன் கல்யாணத்தில் தாலித் தட்டை எல்லோரும் தொட்டு வாழ்த்தினார்கள். தூணோரம் நின்ற என்னை மட்டும் தட்டு தாண்டிப் போனது. நீ பார்த்தாய், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். அன்று யாரும் என்னிடம் கேட்காத வாழ்த்தை இப்போது தருகிறேன், தலையை நிமிர்த்தி வாங்கிக்கொள். இருவரும் பிள்ளைகுட்டியோடு நீண்ட ஆயுசாக, ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் வாழுங்கள்.

உன்னைப் பெற்றவள்,
தங்கசாமி பூமயில்