ஒரே சர்வரில் இரண்டையும் ஓட்டினால்

ஜூன் 3, செவ்வாய்

பரவை வெங்காய மண்டிச் சங்கத்தில் கூட்டம். என் மனைவியின் அண்ணன் சோலை தன் மகன் அருள்பாண்டியோடு வந்தான். ஏலக் கணக்கு ஓடும் சர்வரில் ஓஎஸ் என்கிற இயங்குதளத்தை மாற்ற வேண்டுமாம். அவர்கள் விற்பது மூன்று மடங்கு வேகமாம். இரண்டின் வேகத்தையும் ஒப்பிடும் தாளை அருள்பாண்டி எல்லாருக்கும் கொடுத்தான், என்னைத் தவிர. "மாப்ளைக்கு எதுக்குடா? கைநாட்டு வைக்க வேற தாள் தாரேன்" என்றான் சோலை. மண்டியே சிரித்தது.

இப்போதிருக்கும் இயங்குதளத்தைக் கவனிப்பவள் என் மகள் திவ்யா. அது போனால் அவள் வேலையும் போகும்.

பக்கத்துக் கடை அழகுராஜாவின் தாளைக் கேட்டு வாங்கி வந்தேன். சோலையைச் சும்மா விடுவேனா?

ஜூன் 5, வியாழன்

படித்துவிட்டேன்! மற்றவர்கள் படத்தில் அவர்களுடைய வேகத்தைக் காட்டும் உயரமான பட்டையைப் பார்த்ததும் தாளை மடித்துவிட்டார்கள். எனக்கு எழுத்து புதுசு, போன வருடம்தான் திவ்யாவிடம் கற்றேன், ஒன்றையும் தாண்ட மனம் வராது. அடியில் பொடி எழுத்து. அவர்களுடையதைச் சோதித்தது புது சர்வரில். நம்முடையதைச் சோதித்தது எட்டு வருடப் பழசில்.

திவ்யாவிடம் காட்டினேன். "மெஷினோட வேகத்த ஓஎஸ்ஸோட வேகம்னு காட்டிருக்காங்கப்பா" என்றாள்.

சிக்கினான்.

ஜூன் 8, ஞாயிறு

கூட்டத்தில் எழுந்து அந்த வரியை வாசித்தேன். மெதுவாகத்தான். சோலையின் முகத்தைப் பார்க்கவும் நேரம் வேண்டுமே.

"அது சும்மா ஒரு குறிப்பு மாமா" என்றான் அருள்பாண்டி.

"அப்ப பெருசா போட வேண்டியதுதானே மாப்ள?"

இன்றைக்கும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து இல்லை. ஒரே சர்வரில், நம் ஏலக் கணக்கை வைத்தே இரண்டையும் திவ்யா ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று முடிவு.

ஜூன் 12, வியாழன்

ஐந்து தடவை ஓட்டினாளாம். நம்முடையது ஒரு தடவைதான் முந்தியது. மற்ற நான்கிலும் அவர்களுடையது. கொஞ்சந்தான், ஆனாலும் முந்திவிட்டது.

அந்த ஒன்றை மட்டும் காட்டு என்றேன்.

"அவுக செஞ்சதும் இதானப்பா."

அதெல்லாம் எனக்குத் தெரியாது, சோலை தோக்கணும் என்று கத்திவிட்டேன். வேலை போனா என்ன செய்வா இவ? கவலையே இல்லையா?

ஜூன் 15, ஞாயிறு

கூட்டத்தில் ஐந்தையும் காட்டிவிட்டாள். பாவி மகள்.

ஜூலை 9, புதன்

அருள்பாண்டியின் இயங்குதளம் வந்துவிட்டது. திவ்யாவின் வேலை போகவில்லை. தன் பக்கம் தோற்றதையும் காட்டியவள் சொன்னால் நம்பலாம் என்றது சங்கம். இனி யார் ஒப்பீடு கொண்டு வந்தாலும் அவள் சோதித்த பிறகுதான் கூட்டத்துக்கு வருமாம்.

இன்று அருள்பாண்டி வேறொன்றை விற்கப் புதுத் தாளோடு வந்தான். எந்த சர்வர், எத்தனை தடவை, யார் சோதித்தது என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எழுதிக் கொண்டுவந்தான். மறுபடியும் திருப்பினாள். சோலை அதுவரை வாசலில், வெயிலில் நின்றான்.

உள்ளே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் என் காலை நீட்டி வைத்துக்கொண்டேன்.