ஒரு சொட்டுகூட விழாத கூரை

என் அன்பு அத்தானுக்கு,

வண்டி மறுபடியும் கிளம்பப் போகிறது. வருகிற வெள்ளிக்கிழமை காலையில் நம் செந்தில் அதை எடுத்துக்கொண்டு டார்ஜிலிங் பக்கம் போகிறான், கூடவே அவன் பெண்டாட்டி சோமாவும். கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது. உங்களைப் பார்க்காத மருமகள், ஆனால் உங்கள் போட்டோவுக்குத் தினமும் பூ வைக்கிறவள் அவள்தான், நான் இல்லை. அவர்கள் புறப்படுவதற்குள் நீங்கள் எப்படிப் போனீர்கள் என்ற உண்மையை நான் அவனிடம் சொல்லியாக வேண்டும். ஒன்பது வருஷமாக வாயைத் திறக்காதவள் இந்த நாலு நாளைக்குள் எப்படித் திறப்பேன், சொல்லுங்கள்?

நம் தமிழ் மன்றத்து ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி நான் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். நல்ல மனுஷர், துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் உழைத்தவர், பொங்கல் விழாவுக்குப் பந்தல் போட்டவர் என்று எழுதிக் கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். பேனாவைக் கையில் எடுத்தால் அந்த வண்டியின் கூரைதான் கண்முன் வந்து நிற்கிறது. இங்கே கொல்கத்தாவில் குளிர்காலம் தொடங்கிவிட்டது, ஊரெல்லாம் ஜன்னலைச் சாத்தத் தொடங்கியாயிற்று. படிக்கிறவர்கள் படிக்கட்டும், தெரிந்துகொள்ளட்டும்.

அந்த வண்டியை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது. எந்தத் தேசத்துக்காரனோ நாடு நாடாக ஓட்டிவந்து, கப்பலில் ஏற்றாமல் விட்டுப்போன வேன். ஏலத்தில் எடுத்தேன் என்று பெருமையாக நின்றீர்கள். உள்ளே படுக்கை, மடக்கு மேசை, மேலே கையால் தூக்கி நிறுத்துகிற கூரை. தூக்கினால் நாலு பக்கமும் கித்தான் விரிந்து வண்டிக்குள் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். "வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்கிட்டீங்களே"ன்னு நான் கத்தினேன். "ஏட்டி, வீடே சக்கரத்துல ஓடுது பாரு"ன்னு சொல்லிச் சிரித்தீர்கள்.

முதல் மழையிலேயே வீட்டின் லட்சணம் தெரிந்துபோயிற்று. நாம் இருக்கும் பெஹாலாவில் மழை என்றால் சும்மாவா? தெருவில் முழங்கால் தண்ணீர், வண்டிக்குள் அதற்குக் கொஞ்சம் குறைவு. கித்தானின் தையல் வழியாகச் சொட்டும், கூரையைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை வெடித்த இடத்தில் வழியும், ஆணி ஓட்டைகளில் நின்று நிதானமாக இறங்கும். படுக்கைமேல் நம் வீட்டுக் குழம்புச் சட்டி, பால் குண்டான் எல்லாம் போய் உட்கார்ந்தன. "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானத்தைக் கீறி வைகுண்டம் காட்டினானாம், ஊரைச் சுத்திக் காட்டுதேன்னு சொன்ன ஆளு மொதல்ல இந்தக் கூரையைப் பாரும்"னு சொன்னேன். உங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் நீங்கள் கூரைமேல்தான். மெழுகுவர்த்தியைத் தையலில் தேய்த்தீர்கள், வெயிலில் உருகி வழிந்தது. தார் பூசினீர்கள், ஒரு இடத்தில் அடைத்தால் தண்ணீர் இன்னொரு இடத்தில் வழி கண்டுபிடித்தது. லாரி டியூபை வெட்டிப் புதுப் பட்டை வைத்தீர்கள். கடைசியில் ரப்பரும் தாரும் நின்று, ஓட்டையெல்லாம் அடைபட்டு, ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது: கித்தானில் இரண்டு பக்கமும் வலை வைத்த சின்ன ஜன்னல்கள். சாரல் அதன் வழியாகத்தான் அடித்தது.

அந்த ஜன்னல்களைத் தைத்து அடைத்தது நான்தான். நீங்கள் அல்ல. பழைய ரெக்சினை வெட்டி, நாலு மடிப்பு நூல் போட்டு, என் தையல் மெஷின் ஊசி இரண்டை உடைத்து நானே தைத்தேன். உங்களை ஒரு நாளாவது கூரையிலிருந்து இறக்கி, நம்மோடு உட்கார வைத்துச் சோறு போட வேண்டும் என்று எனக்கு ஆசை. முக்கில் பட்டறை வைத்திருக்கும் நிமாய்தா அன்றைக்கு வந்து பார்த்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "பௌதி, ஜோல் ஆட்காலே ஹாவாஓ ஆட்காய்" என்றார். தண்ணியை அடைச்சா காத்தும் அடைபடும் அண்ணி என்கிறார் மனுஷர். "உங்க வேலையைப் பாருங்க தாதா, பட்டறைக்கு வேலை வரலேன்னு வயித்தெரிச்சல்"னு கேலி பண்ணினேன். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். ஏன் சிரித்தோம் அத்தான்?

மறுநாள் ஞாயிறு. ஜனவரியில் வருகிற மழை உங்களுக்குத் தெரியும், பல்லைக் கிட்டிக்கவைக்கும். செந்தில் ஜாதவ்பூரில் சிநேகிதன் வீட்டுக்குப் போயிருந்தான். சாப்பாடு முடிந்ததும் கூரையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எழுந்தீர்கள். "இந்த மழைக்கு ஒரு சொட்டு விழுதான்னு உள்ளயே இருந்து பாத்துருதேன். கித்தான் உள்பக்கம் நனைஞ்சு கெடக்கு, காயாம கூரையை எறக்கினா பூஞ்சை புடிக்கும். அந்த உனுனைப் பத்தவச்சுக் குடு"ன்னீங்க.

உனுன் என்றால் இந்த ஊரில் வாளிக்குள் மண் பூசிய கரி அடுப்பு. பற்றவைத்துத் தெருவில் வைத்தால் அரைமணி நேரம் புகை அள்ளும். புகை அடங்கி, கரி சிவந்ததும் உள்ளே எடுத்துவந்தால் ஆபத்தில்லை என்பது இந்தத் தெருவே சொல்லுகிற பாடம். குளிருக்குப் பக்கத்து வீடுகளில் அப்படித்தான் வைப்பார்கள், ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு என்று அந்த வீடுகளுக்கு ஆயிரம் ஓட்டை. நம் வண்டிக்கு ஒன்றுகூட இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை. புகை போகும்வரை காத்திருந்து, நானே தூக்கிவந்து, நானே உங்கள் காலடியில் வைத்தேன். "குரங்குக் குல்லாவைக் காதுவரைக்கும் இழுத்து விடுங்க"ன்னேன். சாரல் அடிக்கிறது என்று கதவை இழுத்துச் சாத்தியதும் நான்தான்.

நாலு மணிக்கு டீ எடுத்துக்கொண்டு போனேன். படுக்கையில் ஒருக்களித்துப் படுத்திருந்தீர்கள், கன்னம் சிவந்து நல்ல தூக்கம் போல இருந்தது. மேலே பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. என் புத்தியைப் பாருங்கள், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. "அத்தான், செயிச்சிட்டோம்"னு சொல்லிக்கொண்டே உங்கள் தோளைத் தொட்டேன், நீங்கள் அசையவில்லை. அப்புறம் எனக்கும் தலை சுற்றியது, வாசலில் வந்து விழுந்தேன், மழைக்காற்று முகத்தில் பட்டபோது எல்லாம் புரிந்துவிட்டது.

இங்கேதான் நான் பாவி ஆனேன். யாரையும் கூப்பிடும் முன்னால் உள்ளே போய் அந்த உனுனைத் தூக்கிவந்தேன். மழையில் கரியைக் கொட்டி, அடுப்பைக் கொல்லையில் கவிழ்த்தேன். டாக்டர் வந்தபோது, "காலையில இருந்தே நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாங்க டாக்டர்"னு அழுதேன். உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது அவருக்குத் தெரியும், நான் சொன்னதை நம்பி மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். போலீஸ் வரும், உங்களை அறுப்பார்கள் என்று பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது பாதிதான். பதினைந்து வயசுப் பிள்ளை, "நீதானேம்மா கதவைச் சாத்தினே?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுவிடுவானோ என்ற பயம்தான் மீதி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், ஊரும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டது. நான் வாளியோடு ஓடியதை நிமாய்தா பட்டறையிலிருந்து பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

என் பொய் என்ன செய்திருக்கிறது தெரியுமா? அப்பாவுக்கு ஐம்பத்திரண்டில் நெஞ்சு அடைத்தது, எனக்கும் அப்படித்தான் என்று இந்த இருபத்துநாலு வயசிலேயே செந்தில் எண்ணெயைத் தொடுவதில்லை. விடிந்தால் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறான், வருஷா வருஷம் ரத்தம் சோதிக்கிறான். எதற்குப் பயப்பட வேண்டாமோ அதற்குப் பயப்படுகிறான். பயப்பட வேண்டியதைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறான்.

ஆமாம் அத்தான். போன வாரம் வண்டிக்குப் புது ரப்பர், புதுக் கித்தான், ஏதோ டியூபிலிருந்து பிதுக்குகிற பசை எல்லாம் போட்டு முடித்தான். குழாயைத் திருப்பி மணிக்கணக்கில் தண்ணீர் அடித்துப் பார்த்தான். உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது: "மா, வந்து பாரு! ஒரு சொட்டுகூட விழல!" உங்கள் குரலே வந்து கூப்பிட்டதுபோல இருந்தது. கித்தானில் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு, ஜிப் போட்டிருக்கேன், மழை வந்தா மூடிக்கலாம்" என்றான். அப்புறம் சாதாரணமாகச் சொன்னான்: "மலை மேல ரொம்ப டாண்டா, குளிரு தாங்காதும்மா. ஒரு உனுன் எடுத்துட்டுப் போறோம். புகை போனப்புறம் உள்ள வெச்சா ஆராமா தூங்கலாம்."

வேண்டாம் என்றேன். ஏன் என்றான். விஷக்காற்று என்றேன். "ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைப்போம் மா, தூமி டென்ஷன் கொரோ நா", நீ கவலைப்படாதே என்று சிரித்தான். குளிர் ஏறினால் யார் திறந்துவைத்துத் தூங்குவார்கள்? அவன் வாங்கி வைத்திருந்த உனுனை நான் பரண்மேல் ஒளித்தேன். "போற வழியில எந்தக் கடையிலயும் கிடைக்கும். நீ எல்லாத்துக்கும் பயப்படுவே" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான். காரணம் சொல்லாத பயத்தை எந்தப் பிள்ளை மதிக்கும்?

ஆக, அவனை நிறுத்தக்கூடியது ஒன்றுதான். அது நீங்கள்.

இன்னொரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைத் தொடங்கியபோது எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதிலிருந்து. பேசுவான், படிக்க வராது. நாம் சொல்லிக் கொடுக்கவில்லை, பள்ளிக்கூடத்திலும் இல்லை. மலரில் அச்சாகி வந்தாலும் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு மூடிவைப்பான், எழுதி ஆற்றிக்கொண்டது எனக்குப் போதும் என்று கணக்குப் போட்டேன். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் பெற்ற பிள்ளைக்கு மட்டும் சொல்லாமல் இருக்க ஒரு தாய் போட்ட திட்டம்! காறித் துப்புங்கள்.

சற்று முன்னால் அவன் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றான். "என்ன மா எழுதுற, இவ்ளோ பக்கம்?"

"அப்பாவுக்கு."

"படிச்சுக் காட்டேன். எனக்கு அவர் குரலே மறந்துபோச்சு மா." சோமாவையும் கூப்பிட்டான்.

இரண்டு பேரும் என் காலடியில் தரையில் உட்கார்ந்தார்கள். முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு, ஓணான், கோழி, குழம்புச் சட்டி எல்லாம் படித்தேன். அவன் வங்காளத்தில் சொல்லச் சொல்ல அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் தைத்த ஜன்னல் வரைக்கும் வந்ததும் தாளை மடியில் கவிழ்த்தேன். இன்னும் எழுதி முடிக்கவில்லை, போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அடுப்படியில் இருக்கிறார்கள். கோப்பைச் சத்தம் கேட்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். ஆனாலும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்: அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து படிப்பேன். உனுனை வைத்த கையையும், கதவைச் சாத்திய கையையும், டாக்டரிடம் சொன்ன பொய்யையும் ஒரு எழுத்து விழுங்காமல் படிப்பேன். அதற்கப்புறம் அவன் என் முகத்தில் விழிக்காமல் போனாலும் போகட்டும். அவன் உயிரோடு இருந்து என்னை வெறுத்தால் போதும்.

வருகிறார்கள். படிக்கப் போகிறேன்.

உங்கள் மனைவி, அதற்கும் மேலே
செந்திலின் அம்மா,
பார்வதி