ரப்பர் வைத்த கூண்டு

மல்லசமுத்திரம்,
2.12.2024

அன்பு மகள் மோனிஷாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ அகமதாபாத்தில் சுகமாக இருப்பதை, அம்மா உன்னோடு போனில் பேசும்போது பக்கத்தில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கடிதம் என்றால் உனக்குத் தோன்றும்போது பிரித்துப் படிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நம் புழக்கடையில் மறுபடியும் பெருக்கான் வந்துவிட்டது. விலங்கியல் படித்தவள், நீ பெருச்சாளி என்பாய். மரவள்ளிச் செடி ஒன்று காற்றே இல்லாமல் சாய்ந்து கிடந்தது. பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. மேலே இலையெல்லாம் பச்சை, அடியில் கிழங்கே இல்லை. போன மாதம் துணி காயப் போடப் போன அம்மாவுக்குத் தரை உள்வாங்கி, முழங்கால் வரை கால் இறங்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குத்தான். “புள்ளகிட்டச் சொல்லீராதீங்க, பயந்துக்கும்” என்றாள். நான் சொல்லிவிட்டேன்.

பார்க்க வந்த பக்கத்து வீட்டு அத்தாயி, “ஏனுங்கண்ணா, மருந்து வெச்சா மூணே நாள்ல முடிஞ்சுது. இதுக்குப் போயி யோசிக்கறீங்களே” என்றாள். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் போனேன். கடைக்காரர் முன்பு வாங்கின அதே நீல விஷக் கட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். அதைத் தொட எனக்குக் கை வரவில்லை, சாமி.

நம் நாய் ரோஸி பாம்பு கடித்துச் செத்தது என்று உன்னிடம் சொன்னேன். பாம்பு இல்லை. நான் வைத்த மருந்தைத் தின்ற பெருக்கான் ஒன்று தள்ளாடி வந்து வாசலில் விழுந்தது. ரோஸி அதைத் தின்றதை நான் பார்த்தேன். ஒன்றும் ஆகாது என்று சும்மா இருந்துவிட்டேன். ரோஸியின் மூக்கில் வழிந்த ரத்தத்தைக் காட்டி நீ கேட்டபோது, “பாம்புன்னா பாம்புதான், பெரிய டாக்டராட்டம் கேள்வி கேக்காதே” என்று கத்தினேன். அதற்குப் பிறகு நீ என்னை ஒரு கேள்வியும் கேட்டதில்லை. இரண்டு வருஷம் ஆகிறது.

வேறென்ன இருக்கிறது என்று கடைக்காரரைக் கேட்டேன். பசை அட்டையைக் காட்டினார். அவர் கடை மூலையிலேயே ஒன்று விரித்திருந்தது. அதில் ஒரு சுண்டெலி ஒட்டிக்கொண்டு, தோல் உரிந்து, உயிரோடு இழுத்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்றேன். அடிக்கிற பொறி சின்ன எலிக்குச் சரி, ஒரே அடியில் போய்விடும். பெருக்கான் என்றால் கால் மட்டும் சிக்கி, பொறியையும் இழுத்துக்கொண்டு ஓடும் என்று அவரே சொன்னார். மரக்கூண்டில் அதன் உடம்பே நுழையாது.

கடைசியில் கேட் செய்கிற நந்தகுமாரின் பட்டறைக்குப் போய், இரண்டடி நீளத்தில் கம்பிவலைக் கூண்டு செய்யச் சொன்னேன். உள்ளே ஒரு மிதிப்பலகை. மிதித்தால் கதவு விழும். வால் நசுங்காமல் இருக்கக் கதவின் அடி விளிம்பில் பழைய டியூப் ரப்பரை ஒட்டச் சொன்னதும் அவன் சிரித்துவிட்டான். “ஏனுங்க, பெருக்கானுக்கு மெத்தையும் தெச்சுப் போட்டுரலாமுங்களா?”

கூண்டு வந்த பிறகுதான் எனக்கு உண்மையான வேலை. புழக்கடையில் பதினொரு வளை இருந்தது. எல்லாவற்றையும் சாயங்காலம் மண் வைத்து அடைத்தேன். காலையில் மூன்று மட்டும் திறந்திருந்தன. அந்த மூன்றின் வாயிலும் சாம்பலைத் தூவி வைத்தேன். மறுநாள் ஒன்றில் மட்டும் கால் தடமும், நடுவே வால் இழுத்த கோடும் அவ்வளவு தெளிவாக இருந்தன! அம்மாவை நொண்ட வைத்தே கூட்டி வந்து காட்டினேன். கூண்டுக்குள் கருவாடு வைத்தால் பூனை வந்தது. சுட்ட தேங்காய்க்கு எறும்பு வந்தது. வறுத்த நிலக்கடலையை வெல்லத்தோடு இடித்து வைத்ததுதான் காலியானது. மூன்று நாள் கதவு விழாமல் கட்டியே வைத்திருந்தேன், பயம் தெளியட்டும் என்று. “விருந்து வெக்கறீங்களா, புடிக்கறீங்களா?” என்றாள் அம்மா.

நான்காம் நாள் காலையில் உள்ளே இருந்தது. பன்றிக்குட்டி மாதிரி உறுமியது. ஈரச் சாக்கைப் போட்டு மூடியதும் அடங்கிவிட்டது. ஊருக்கு வெளியே பாறைக் கரட்டுப் பக்கம் விடலாம் என்று வண்டியில் வைத்துக் கட்டும்போது சாக்கு விலகியது. வயிற்றில் காம்புகள் தடித்து, சுற்றிலும் மயிர் ஈரமாக இருந்தது. பால் கொடுக்கிற தாய். கட்டிக்கொண்டிருந்த கயிற்றை அவிழ்த்தேன். பிறகு கூண்டைத் தூக்கிக்கொண்டு போய், அதன் வளை வாயிலேயே வைத்துக் கதவைத் தூக்கினேன். என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. நான் பத்தடி தள்ளி வந்த பிறகுதான் உள்ளே போனது.

“நல்லாருக்குதுங்க, புடிச்சதை ஊட்டுக்கே கொண்டாந்து உட்டாச்சு” என்றாள் அம்மா. குழி விழுந்த இடத்தில் ஒரு பலகையைப் போட்டு, துணிக்கொடியை முன்பக்கம் மாற்றிக் கட்டச் சொன்னாள். கட்டிவிட்டேன்.

இப்போது உன்னைச் சில விஷயம் கேட்க வேண்டும். குட்டிகள் தானாக இரை தின்ன எத்தனை நாளாகும்? நந்தகுமார் பதினைந்து நாள் என்கிறான், போனில் பார்த்தால் ஒரு மாதம் என்று வருகிறது. தாயும் குட்டியுமாக எல்லாவற்றையும் ஒரே கூண்டில் வைத்தால் கடித்துக்கொள்ளுமா? கரட்டில் கொண்டுபோய் விட்டால் அவை பிழைக்குமா? இல்லை, சாவதை நான் பார்க்காமல் இருப்பதற்குத்தான் அது ஒரு வழியா? ஊரில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

திட்டித்தான் எழுதுவாய் என்றாலும் எழுது. பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வா. புழக்கடையில் பார்த்து நடக்க வேண்டும், குழிகளை இன்னும் மூடவில்லை. நீ வந்து பார்த்துச் சொன்ன பிறகு மூடலாம் என்று இருக்கிறேன்.

போன இடத்தில் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மிணி.

உன் அப்பா,
கைலாசம்